லண்டனுக்கு வெளியே ஒரு குடும்பநல பாரிஸ்டர்

1987-ல் இங்கிலாந்தின் வடகிழக்கே, மிடில்ஸ்பரோவைச் சுற்றியுள்ள கிளீவ்லாந்து பகுதியில், சில மாதங்களுக்குள் 121 குழந்தைகள் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாக மருத்துவர்கள் முடிவு கட்டினார்கள். பெரும்பாலான குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். ஊரே கொந்தளித்தது. பிறகு வழக்குகள் நீதிமன்றம் ஏறியபோது அவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பினார்கள். எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1988-ல் வந்தது. அந்த அறிக்கையும், சட்ட ஆணையம் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலையும் சேர்ந்துதான் 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் பிறந்தது. இன்றுவரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குழந்தைகள் சம்பந்தப்பட்ட எந்தக் குடும்ப வழக்குக்கும் அதுதான் அடித்தளம்.

சொத்துப் பிரிவினை விஷயத்திலும் இப்படித்தான். 2000-ல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த வைட் எதிர் வைட் வழக்கு, சாமர்செட்டில் பால்மாட்டுப் பண்ணை நடத்திய ஒரு தம்பதியின் விவாகரத்து வழக்கு. முப்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து உழைத்த பண்ணை, ஏறத்தாழ 46 லட்சம் பவுண்டு சொத்து. விசாரணை நீதிபதி மனைவிக்கு 8 லட்சம் கொடுத்தார், மேல்முறையீட்டில் அது 15 லட்சம் ஆனது. பிரபுக்கள் சபை அந்தத் தொகையை உறுதி செய்தபோது சொன்ன காரணம்தான் சட்டத்தையே திருப்பிப்போட்டது. மனைவிக்கு அவளுடைய தேவைக்கு மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கணவனிடம் விட்டுவிடுவது நியாயமில்லை, சமப்பங்கு என்ற அளவுகோலை வைத்து எந்தப் பிரிவினையையும் சரிபார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு.

இந்த இரண்டையும் முதலில் சொல்லக் காரணம் உண்டு. பாரிஸ்டர் என்றதும் நம் மனசில் வருவது லண்டன்தான். டெம்பிள் பகுதியின் பழைய கட்டடங்கள், ஸ்ட்ராண்டில் நிற்கும் ராயல் கோர்ட்ஸ், கோடீஸ்வரர்களின் விவாகரத்து. வெளியூர் பாரிஸ்டர் என்றால் லண்டனில் இடம் கிடைக்காதவர் என்ற எண்ணம் அந்த நாட்டிலேயே பலருக்கு இருக்கிறது. குடும்பச் சட்டத்தைப் பொறுத்தவரை இது தப்பு என்பது என் உறுதியான கருத்து. சட்டத்துக்குத் தேவையே வெளியூர்களின் வாழ்க்கையிலிருந்துதான் பலமுறை வந்திருக்கிறது. புதிய நடைமுறைகளைச் சோதித்துப் பார்ப்பதும் அங்கேதான் நடக்கிறது. அந்த வேலையைத் தாங்கி நிற்பது அந்தந்த ஊரில் இருக்கும் ஒரு சிறிய வக்கீல் கூட்டம். அந்தக் கூட்டம் எப்படி இயங்குகிறது, எதனால் மெலிகிறது என்று பார்ப்போம்.

முதலில் அடிப்படை. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் வக்கீல் தொழில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கட்சிக்காரரை நேரடியாகச் சந்தித்து, கடிதம் எழுதி, மனு தாக்கல் செய்து வழக்கை நடத்துபவர் சொலிசிட்டர். நீதிமன்றத்தில் எழுந்து வாதாடவும், சிக்கலான கேள்விகளுக்குக் கருத்துரை சொல்லவும் சொலிசிட்டர் அமர்த்துபவர் பாரிஸ்டர். சில விஷயங்களுக்குப் பொதுமக்கள் நேரடியாகவே பாரிஸ்டரை அணுகலாம் என்றாலும் குடும்பநலத் துறையில் இந்தப் பழைய ஏற்பாடுதான் இன்னும் பெரும்பாலும் நடக்கிறது. தொழில் செய்யும் பாரிஸ்டர்கள் மொத்தம் 17,000 பேருக்கு மேல். அதில் பாதிக்கு மேல் லண்டனில். மிச்சமிருப்பவர்கள்தான் பெர்விக் முதல் கார்ன்வால் முனை வரை, ஹல் முதல் ஹாவர்ஃபோர்டுவெஸ்ட் வரை.

பெரும்பாலான பாரிஸ்டர்கள் யாருக்கும் ஊழியர் இல்லை. தனித்தனியாகச் சுயதொழில் செய்பவர்கள், செலவைப் பகிர்ந்துகொள்ள ஒரே கூரையின் கீழ் சேர்ந்திருக்கிறார்கள். அந்தக் கூரைக்குப் பெயர்தான் சேம்பர்ஸ். வேலையை வாங்கித் தருவதும், யார் எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்று பங்கிடுவதும், கட்டணம் பேசுவதும் கிளார்க்குகள். இந்த அமைப்பிலிருந்து ஒரு வினோதமான விளைவு வருகிறது. ஒரே சொலிசிட்டர் நிறுவனத்தைச் சேர்ந்த இரண்டு பேர் ஒரு வழக்கில் எதிரெதிர் தரப்பில் நிற்க முடியாது. ஒரே சேம்பர்ஸைச் சேர்ந்த இரண்டு பாரிஸ்டர்கள் நிற்கலாம், ஏனென்றால் அவர்கள் கூட்டாளிகள் இல்லை. லண்டனிலும் இது நடப்பதுதான். சின்ன நகரங்களில் இந்த விதி இல்லாவிட்டால் குடும்ப நீதிமன்றம் ஓடவே ஓடாது.

ஏன் என்று புரிய, குழந்தையைக் கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், தன் பராமரிப்பில் எடுக்கும் வழக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கவுன்சிலின் சமூகப் பணியாளர்கள், இந்தக் குழந்தை பெற்றோரிடம் இருந்தால் பெரும் தீங்கு நேரும் என்று கருதினால் 1989 சட்டத்தின் 31-ஆம் பிரிவில் மனு போடுவார்கள். கவுன்சிலுக்கு ஒரு பாரிஸ்டர். அம்மாவுக்கு ஒருவர். அப்பாவுக்கு ஒருவர். குழந்தைக்காக நீதிமன்றம் நியமிக்கும் கார்டியன் தரப்பில் ஒருவர். இரண்டு குழந்தைகள், இரண்டு அப்பாக்கள் என்றால் இன்னொருவர். குழந்தையை நான் வளர்க்கிறேன் என்று பாட்டி வந்தால் அவருக்கும் ஒருவர். ஆக ஒரே வழக்குக்கு நாலிலிருந்து ஆறு வக்கீல்கள். ஒரு ஊரில் குடும்பநல வேலை செய்யும் சேம்பர்ஸ் ஒன்றோ இரண்டோதான் என்றால், அத்தனை பேரும் எங்கிருந்து வருவார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கம்பிரியாவை எடுத்துக்கொள்வோம். இது நானே கட்டிய உதாரணம்தான், ஆனால் இதைப் போன்றவை அங்கே அன்றாடம் நடப்பவை. அம்மா கடலோர வைட்ஹேவனில் இருக்கிறாள், வயது பத்தொன்பது. பிறந்து ஆறு நாளான குழந்தை. நீதிமன்றம் கார்லைலில், ஏறத்தாழ 40 மைல் தள்ளி. வழக்கு பத்து மணிக்கு என்றால் ஒரு மணி நேரம் முன்னாலேயே எல்லாரும் வந்துவிட வேண்டும் என்று உத்தரவு இருக்கும். அவளுடைய பாரிஸ்டர் அவளை முதன்முதலாகப் பார்ப்பது அன்று காலை ஒன்பது மணிக்கு, ஆலோசனை அறை காலியில்லாமல் நடைபாதை நாற்காலியில். முந்தின இரவு பண்டில் எனப்படும் நூற்றுக்கணக்கான பக்க வழக்கு ஆவணக் கட்டைப் படித்துவிட்டு வந்திருக்கிறார். அவளோ ஒரு பக்கம்கூட முழுசாகப் படித்திருக்க மாட்டாள்.

அடுத்த ஒரு மணி நேரம்தான் உண்மையான வேலை. கவுன்சிலின் பாரிஸ்டர் வந்து எங்கள் நிலைப்பாடு இது என்கிறார்: இடைக்காலப் பராமரிப்பு உத்தரவு, குழந்தை வளர்ப்புக் குடும்பத்தில், அம்மாவுக்கு வாரம் மூன்று சந்திப்பு, கார்லைல் பக்கத்து மையத்தில், காலை ஒன்பதரைக்கு. லண்டனிலிருந்து அன்று மட்டும் வந்த ஒருவருக்கு இதில் தவறாக எதுவும் தெரியாமல் போகலாம். உள்ளூர் பாரிஸ்டருக்குத் தெரியும், வைட்ஹேவனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல், அப்புறம் பஸ், ஒன்பதரைக்குப் போய்ச் சேருவது அவளுக்கு நடக்கிற காரியமில்லை என்று. இரண்டு முறை தாமதமானால் சந்திப்புக்கு வருவதில் அம்மாவுக்கு ஈடுபாடில்லை என்று சமூகப் பணியாளரின் அடுத்த அறிக்கையில் ஒரு வரி ஏறிவிடும். ஆறு மாதம் கழித்து இறுதி விசாரணையில் அந்த வரி அவளுக்கு எதிரான சாட்சியமாக நிற்கும். ஆகவே அந்த நடைபாதையிலேயே பேசி, சந்திப்பை வைட்ஹேவனிலேயே ஒரு குடும்ப மையத்துக்கு மாற்றி, நேரத்தை மதியமாக்கி, பயணச் செலவைக் கவுன்சில் ஏற்கும் என்று உத்தரவில் எழுத வைக்கிறார். நீதிபதி முன்னால் போகும்போது இது இரண்டு நிமிட விஷயம். சட்டப் புத்தகம் எதிலும் இருக்காது. ஒரு தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள உறவு பிழைப்பதும் பிழைக்காமல் போவதும் பல நேரம் இப்படிப்பட்ட இரண்டு நிமிடங்களில்தான் தீர்மானமாகிறது.

இந்த உள்ளூர் அறிவுதான் வெளியூர் பாரிஸ்டரின் முதல் மூலதனம். எந்த மறுவாழ்வு மையத்தில் இடம் கிடைக்க எத்தனை வாரம் ஆகும், எந்த உளவியல் நிபுணர் சொன்ன தேதியில் அறிக்கை தருவார், எந்த நீதிபதிக்கு நீளமான நிலைப்பாட்டுக் குறிப்பு பிடிக்காது, எல்லாம் கைவிரலில் இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பான குடும்ப நீதிபதி ஒருவர் உண்டு. அவருடைய போக்குதான் அந்தப் பகுதியின் நடைமுறை. 2014 ஏப்ரல் 22-ஆம் தேதி நாடு முழுவதற்கும் ஒரே குடும்ப நீதிமன்றம் என்று ஆனபிறகும் இந்த வட்டாரத் தன்மை மறையவில்லை.

ஆனால் சிறிய வட்டத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. திங்கள்கிழமை கவுன்சிலுக்காக வாதாடியவர் செவ்வாய்க்கிழமை இன்னொரு அம்மாவுக்காக அதே கவுன்சிலை எதிர்த்து நிற்பார். எதிர்த்தரப்பில் அதே முகம். பாரிஸ்டர்களில் சிலர் பகுதிநேர நீதிபதிகளாகவும் அமர்கிறார்கள். தொழில் செய்பவர்களுக்கு இது நல்ல ஒழுக்கத்தைத் தருகிறது. இன்று எதிர்த்தரப்பை ஏமாற்றினால் நாளை அவர் என் வார்த்தையை நம்பமாட்டார், அந்த நாளை நிஜமாகவே நாளைதான். அதனால் தேவையில்லாத மல்லுக்கட்டு குறைவு, சமரசம் அதிகம். கட்சிக்காரரின் கண்ணுக்கோ இது வேறு மாதிரி தெரியும். தன் குழந்தையை எடுக்க வந்தவர்களின் வக்கீலும் தன் வக்கீலும் முதல் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வதைப் பார்க்கும் ஒரு தாய், எல்லாரும் ஒரே கூட்டம் என்று நினைப்பதில் என்ன தப்பு? நல்ல பாரிஸ்டர் இதை முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடுவார்: அவரை எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் அவர் எங்கே விட்டுக்கொடுப்பார் என்றும் தெரியும். சொல்லாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் இழக்கப்படும் நம்பிக்கையை அப்புறம் வேறு யாராலும் மீட்க முடிவதில்லை.

வேலையின் அளவையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் மட்டும் 80,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் கவுன்சில்களின் பராமரிப்பில் இருக்கிறார்கள். மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால் இந்தப் பாரம் லண்டன் மேல் இல்லை. வடகிழக்குப் பகுதிதான் உச்சத்தில் இருக்கிறது. தனிக் கவுன்சிலாகப் பார்த்தால் வடமேற்குக் கடலோர பிளாக்பூல் பல ஆண்டுகளாக முதல் வரிசையில். சுரங்கமும் ஆலையும் மூடிய ஊர்கள், சுற்றுலா நலிந்த கடலோர ஊர்கள், மலிவு வாடகைக்காக நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஏழைகள் வந்து சேரும் ஊர்கள். வறுமை, போதை, குடும்ப வன்முறை மூன்றும் சேரும் இடத்தில் குழந்தை வழக்குகள் பெருகுகின்றன. அங்கேயே சொலிசிட்டர்களும் பாரிஸ்டர்களும் குறைந்துகொண்டு வருகிறார்கள். 26 வாரத்தில் இப்படிப்பட்ட வழக்கு முடிய வேண்டும் என்று 2014-ல் சட்டம் கெடு வைத்தது. சராசரி பல ஆண்டுகளாக அந்தக் கெடுவைத் தாண்டித்தான் நிற்கிறது.

அடுத்தது தூரம். ஆறு சர்க்யூட்டுகளாக நாடு பிரிக்கப்பட்டிருக்கிறது: வடக்கு, வடகிழக்கு, மிட்லண்ட், வேல்ஸ்-செஸ்டர், மேற்கு, தென்கிழக்கு. நீதிபதிகள் குதிரையில் ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்ட காலத்தின் எச்சம் இது. மேற்கு சர்க்யூட்டில் இருக்கும் ஒருவர் ஒரு வாரம் பிரிஸ்டல், மறு வாரம் எக்ஸிட்டர், அப்புறம் ட்ரூரோ என்று ஓட வேண்டியிருக்கும். பிரிஸ்டலிலிருந்து ட்ரூரோவுக்குக் காரில் மூன்று மணி நேரம், கோடை விடுமுறையில் அதற்கும் மேல். வேல்ஸில் இன்னும் சிரமம். கார்டிஃபிலிருந்து அபெரிஸ்ட்வித்துக்கு ரயிலில் போக வேண்டுமானால் வேல்ஸை விட்டு வெளியேறி, இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி வழியாகத் திரும்ப வேல்ஸுக்குள் வர வேண்டும். பாதைகள் கிழக்கு மேற்காக ஓடுவதால் வட வேல்ஸின் வழக்குகளுக்கு இங்கிலாந்து நகரமான செஸ்டரிலிருந்துதான் பல பாரிஸ்டர்கள் போகிறார்கள். எல்லையைத் தாண்டும்போது சட்டமும் கொஞ்சம் மாறுகிறது. பெற்றோரின் சம்மதத்தோடு கவுன்சில் குழந்தைக்கு இடம் தருவது இங்கிலாந்தில் 1989 சட்டத்தின் 20-ஆம் பிரிவு. வேல்ஸில் அது 2014-ஆம் ஆண்டு சமூக சேவைச் சட்டத்தின் 76-ஆம் பிரிவு. கட்சிக்காரருக்கு வேல்ஷ் மொழியில் பேசும் உரிமையும் உண்டு.

2010-க்கும் 2019-க்கும் நடுவில் இங்கிலாந்து, வேல்ஸில் மாஜிஸ்திரேட் நீதிமன்றக் கட்டடங்களில் பாதிக்கு மேல் மூடப்பட்டன. சிறு ஊர்களில் குடும்ப வழக்குகளும் அந்தக் கட்டடங்களில்தான் நடந்துவந்தன. மூடிய கட்டடத்தின் செலவு மிச்சமானது அரசின் கணக்கில் வருகிறது. கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறிப் பக்கத்து மாவட்டத்துக்குப் போகும் பெண்ணின் செலவு எந்தக் கணக்கிலும் வருவதில்லை. கோவிட் காலத்தில், 2020 மார்ச் முதல், விசாரணைகள் தொலைபேசிக்கும் வீடியோவுக்கும் மாறின. நிர்வாக ரீதியான சின்ன விசாரணைகளுக்கு இது பெரிய வரம். பத்து நிமிட வாய்தாவுக்காக 150 மைல் போய்வரும் கொடுமை ஒழிந்தது. குழந்தையைப் பிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் விசாரணையை ஒரு பெண் தன் சமையலறையில் தனியாக உட்கார்ந்து கைபேசியில் கேட்க நேர்ந்ததோ, என்னால் ஏற்க முடியாத விஷயம். வைட்ஹேவன் உதாரணத்தில் பார்த்த அந்த நடைபாதைப் பேச்சு திரையில் நடக்காது.

இனி பணம். பராமரிப்பு வழக்குகளில் பெற்றோருக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவி உண்டு, இது இன்னும் காப்பாற்றப்பட்டிருக்கிறது. 2011 முதல் பாரிஸ்டருக்கான கட்டணம் விசாரணைக்கு இவ்வளவு என்று நிலையானது. தயாரிப்பு நேரமும் அதற்குள்ளேயே அடக்கம். பண்டில் பெரிதானால் கொஞ்சம் கூடும், வெகுதூரம் போனால் ஒரு சிறு தொகை சேரும். கொஞ்ச காலத்துக்குள் கட்டணம் 10 சதவீதம் வெட்டப்பட்டது, அதன்பின் விலைவாசிக்கு ஏற்ப உயரவில்லை. சுயதொழில் என்பதால் உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை, ஓய்வூதியம் தன் கையிலிருந்து, சேம்பர்ஸுக்குப் பங்கு, பெட்ரோல் செலவு. லண்டன் பாரிஸ்டருக்கும் இதெல்லாம் உண்டுதான். ஆனால் அங்கே சட்ட உதவி வேலையை விட்டுப் பணக்காரர்களின் விவாகரத்துக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. பிளாக்பூலிலோ ஹல்லிலோ அந்த மாற்றுவழி மிகக் குறுகல்.

அங்கே வரும் சொத்து வழக்குகளின் இயல்பே வேறு. சட்ட அறிக்கைகளைப் படித்தால் கோடிக்கணக்கில் சொத்து, வைட் தீர்ப்பின் சமப்பங்கு பற்றிய நுட்பமான வாதங்கள். மிச்சம் இருந்தால்தானே பங்கு? ஸ்டோக்கிலோ சண்டர்லாண்டிலோ பெரும்பாலான தம்பதிகளிடம் இருப்பது அடமானத்தில் ஒரு வீடு, ஒரு ஓய்வூதியம், கார் கடன். வாதம் முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: ஒரு வீட்டை விற்று இரண்டு கூரை எப்படிப் போடுவது, குழந்தைகள் எந்தக் கூரையின் கீழ்? இதில் தப்பு செய்ய இடமே இல்லை. பத்து லட்சம் குறைந்தாலும் தாங்கும் குடும்பத்தில் செய்யும் பிழையும், பத்தாயிரம் குறைந்தால் வாடகைக்குத் தள்ளப்படும் குடும்பத்தில் செய்யும் பிழையும் ஒன்றல்ல. எது கடினமான வழக்கு என்று என்னைக் கேட்டால் இரண்டாவதுதான்.

ஓய்வூதியம் விஷயத்தில் வெளியூர் பாரிஸ்டர்கள் பலர் நிபுணர்களாகவே ஆகிவிடுகிறார்கள். வடக்கு யார்க்‌ஷயரின் கேட்டரிக்கில் ராணுவ முகாம், பிளிமத்தில் கடற்படைத் தளம், போர்ட் டால்பட்டில் எஃகு ஆலை. கணவனின் பெயரில் உள்ள ஓய்வூதியம் வீட்டைவிட மதிப்பு கூடியதாக இருக்கும், மனைவிக்கோ வீடுதான் கண்ணுக்குத் தெரியும் சொத்து. எனக்கு வீடு போதும் என்று அவசரமாகச் சொல்லிவிட்டு அறுபது வயதில் வறுமையில் விழுந்த பெண்கள் ஏராளம். 2000 டிசம்பர் முதல் ஓய்வூதியத்தையே பிரித்து மனைவி பேருக்கு மாற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. அதைக் கேட்கச் சொல்ல ஒரு வக்கீல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பண்ணை வழக்குகள் இன்னொரு உலகம். நிலத்தின் மதிப்பு லட்சக்கணக்கில், கையில் ரொக்கம் கிடையாது. நிலம் தாத்தா பெயரில், உழைப்பு மகனுடையது, கணக்கு எழுதியதும் கன்றுக்குப் பால் ஊட்டியதும் மருமகள். பாதியை விற்றால் மீதிப் பண்ணை பிழைக்காது. அப்பா எப்போதோ இது உனக்குத்தான் என்று வாய்வார்த்தையாகச் சொன்னது சட்டப்படி என்ன பெறும் என்ற கேள்வி தனியாக எழும். இந்த வழக்கில் வாதாட விவசாயத்தின் வருடச் சுழற்சி தெரிந்திருக்க வேண்டும். ஆட்டுக்குட்டி ஈனும் பருவத்தில் விசாரணைத் தேதி கொடுக்காதீர்கள் என்று கேட்கத் தெரிந்த வக்கீலைத்தான் ஹெரிஃபோர்டு விவசாயி நம்புவார்.

சட்ட உதவியில் மிகப் பெரிய வெட்டு விழுந்தது 2013 ஏப்ரல் 1-ல். பிரிந்த பெற்றோர் குழந்தை யாரிடம் இருப்பது என்று ஒருவர் மேல் ஒருவர் போடும் வழக்குகளுக்கும் சொத்து வழக்குகளுக்கும், குடும்ப வன்முறைக்கு ஆதாரம் இருந்தாலொழிய, சட்ட உதவி நிறுத்தப்பட்டது. இன்று குழந்தைகள் குறித்த இந்தத் தனிவழக்குகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு, இரு தரப்பிலும் வக்கீலே இல்லாமல் முடிகின்றன. சின்ன ஊர்களில் சட்ட உதவி வேலையை நம்பியிருந்த சொலிசிட்டர் அலுவலகங்கள் மூடின. சொலிசிட்டர் இல்லையென்றால் பாரிஸ்டருக்கு வேலை அனுப்ப ஆளில்லை. பாதிக்கப்பட்டது மக்கள்தான், ஆனால் பாரிஸ்டர் தொழிலின் அடிவேரும் அங்கேதான் அறுந்தது.

இதில் ஒரு பயங்கரம் இருந்தது. வக்கீல் இல்லாததால், மனைவியை அடித்ததாகக் குற்றம்சாட்டப்பட்டவனே எழுந்து நின்று அவளைக் குறுக்கு விசாரணை செய்தான். 2021-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இதைத் தடுத்தது. 2022 ஜூலை 21 முதல், நீதிமன்றமே ஒரு வக்கீலை நியமித்து, அவனுக்குப் பதிலாகக் கேள்வி கேட்க வைக்கலாம். நல்ல சட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த நியமனத்துக்கு ஆள் கிடைத்தால்தானே? ஆள் கிடைக்காமல் வழக்கு வாய்தா மேல் வாய்தா போனது. 2024-ல் உயர் நீதிமன்றக் குடும்பப் பிரிவின் தலைவராக இருந்த நீதிபதி ஆண்ட்ரூ மெக்ஃபார்லேன், அப்படி யாரும் கிடைக்காவிட்டால் நீதிபதி என்ன செய்யலாம் என்று ஒரு தீர்ப்பிலேயே வழிகாட்ட வேண்டிய நிலை வந்தது. நீதிபதியே கேள்விகளைக் கேட்பது அதில் ஒரு வழி. சட்டம் எழுதும்போது தூரத்தையும் ஆள்பற்றாக்குறையையும் கணக்கில் எடுக்காததன் விளைவு இது.

இவ்வளவு சொன்னபிறகு, ஏன் ஒருவர் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று கேட்கலாம். வருவதற்கான பாதை எல்லாருக்கும் லண்டன் வழியாகத்தான். லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்ற நான்கு பழைய சங்கங்களில் ஒன்றில் சேர்ந்தாக வேண்டும், நான்கும் அங்கேதான். அதற்கப்புறம் ஒரு சேம்பர்ஸில் ஒரு வருடப் பயிற்சி, அதற்குப் பெயர் பியூப்பிலேஜ். முதல் ஆறு மாதம் மூத்தவரின் பின்னால் நடப்பது, அடுத்த ஆறு மாதம் தன் வழக்கைத் தானே நடத்துவது. பயிற்சிக்கால உதவித்தொகையின் குறைந்தபட்ச அளவு லண்டனுக்கு ஒன்று, வெளியூருக்கு அதைவிடக் குறைவாக ஒன்று. வாடகை வித்தியாசத்தைப் பார்த்தால் வெளியூரில்தான் கையில் நிற்கும். அதைவிட முக்கியமானது, இரண்டாம் ஆறு மாதத்திலேயே வாரம் முழுக்க நீதிமன்றத்தில் எழுந்து நிற்கக் கிடைக்கும் வாய்ப்பு. லண்டனில் இதே கட்டத்தில் இருப்பவர் பெரிய வழக்கு ஒன்றின் ஆவணங்களை மாதக்கணக்கில் அடுக்கிக்கொண்டிருக்கலாம். லீட்ஸில் இருப்பவர் அதற்குள் பல தாய்மார்களின் சந்திப்பு நேரத்துக்காக வாதாடியிருப்பார்.

இந்தப் பாதையில் மேலே போனவர்களும் உண்டு. மெக்ஃபார்லேன் பாரிஸ்டராகப் பர்மிங்ஹாமில் தொழில் செய்தவர். பிரெண்டா ஹேல் யார்க்‌ஷயர் பெண், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்துக்கொண்டே அங்கே சில காலம் பாரிஸ்டராக இருந்தார். பிறகு சட்ட ஆணையத்தில் இருந்தபோது 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் உருவானதில் முக்கியப் பங்கு வகித்தார். 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் தலைவரானார்.

புதிய சோதனைகளும் வெளியூர்களில்தான் தொடங்குகின்றன. பத்திரிகையாளர்கள் குடும்ப நீதிமன்றத்தில் நடப்பதை, குடும்பத்தின் அடையாளத்தை மறைத்து, எழுதலாம் என்ற ஏற்பாடு 2023 ஜனவரியில் லீட்ஸ், கார்டிஃப், கார்லைல் மூன்று ஊர்களில் முதலில் வந்தது. இரண்டு வருடம் கழித்து நாடு முழுக்க விரிந்தது. பிரிந்த பெற்றோரின் குழந்தை வழக்குகளை வேறு முறையில் நடத்திப் பார்க்கும் பாத்ஃபைண்டர் திட்டம் 2022 பிப்ரவரியில் டோர்செட்டிலும் வட வேல்ஸிலும் தொடங்கியது. பழைய முறையில் பெற்றோர் இருவரும் நீதிபதி முன்னால் வந்து ஒருவர் மேல் ஒருவர் புகார் அடுக்கி, பல மாதம் கழித்துத்தான் குழந்தையிடம் விரிவாகப் பேசுவார்கள். பாத்ஃபைண்டரில் முதலில் குழந்தையின் நிலை பற்றிய அறிக்கை. வன்முறை நிபுணர்களின் ஆலோசனையும் ஆரம்பத்திலேயே. அதற்கப்புறம்தான் நீதிமன்றம் என்ன செய்வது என்று யோசிக்கிறது. விசாரணைகள் குறைகின்றன, வழக்கு சீக்கிரம் முடிகிறது. பர்மிங்ஹாமுக்கும் தென்கிழக்கு வேல்ஸுக்கும் 2024-ல் நீண்டது, அதன்பின் இன்னும் பல பகுதிகளுக்கும்.

குழந்தைகளுக்கு இது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பாரிஸ்டரின் வேலை இதனால் இடம் மாறுகிறது. முன்பு மூன்று நான்கு விசாரணைகளில் பரவியிருந்த வாதம் இப்போது ஒரே நாளில், ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு அறிக்கைக்கு எதிராகவோ ஆதரவாகவோ நடக்க வேண்டும். அறிக்கை சரியில்லை என்றால் அதைக் காட்டக் கிடைப்பது அந்த ஒரு வாய்ப்புதான், அதற்கான தயாரிப்பு முன்பைவிட அதிகம். சட்ட உதவிக் கட்டணமோ இன்னும் விசாரணைக்கு இவ்வளவு என்றுதான் கணக்காகிறது. விசாரணை குறைந்து தயாரிப்பு கூடும் ஒரு முறையை நாடு முழுக்கக் கொண்டுபோகிறவர்கள், கட்டணத்தைத் தயாரிப்புக்கும் சேர்த்து மாற்றி எழுத வேண்டும். டோர்செட்டிலும் வட வேல்ஸிலும் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் வக்கீல்களைக் கேட்டே அதை எழுதலாம்.